மூன்றாவது ஆள்

நடுவர் என்றாலே ஆளுக்குப் பாதி பிரித்துக் கொடுப்பவர்னு ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறது. கட்ச் ரண் வழக்கைப் படித்த பிறகு எனக்கு அது போய்விட்டது.

சில மாதம் தண்ணீர், மிச்ச மாதம் உப்பு. அந்த நிலத்துக்காக 1965 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டை போட்டன. பிரிட்டன் நடுவில் வந்து பேசியதில் ஜூன் 30 அன்று ஓர் ஒப்பந்தம்: பேசித் தீரவில்லையென்றால் மூன்று பேர் தீர்ப்பாயம் முடிவு சொல்லும், அதை எந்தக் காரணத்துக்காகவும் மறுக்கக் கூடாது. சில வாரங்களில் முழுப் போரே மூண்டது. ஆனாலும் இந்தக் காகிதத்தை இருவரும் கிழித்துப் போடவில்லை. எனக்கு இன்னும் அது ஆச்சரியம்தான்.

இந்தியா யூகோஸ்லாவியாவின் அலெஷ் பெப்லரை நியமித்தது. பாகிஸ்தான் ஈரானின் நஸ்ரொல்லா என்டெஸாமை. தலைவர் யார் என்பதில் ஒத்துப்போகாததால் ஐ.நா. பொதுச்செயலாளர் ஸ்வீடன் நீதிபதி குன்னார் லாகர்கிரெனைத் தேர்ந்தெடுத்தார். ஜெனீவாவில் உட்கார்ந்து பழைய சர்வே வரைபடங்களையும் பிரிட்டிஷ் காலக் கடிதங்களையும் புரட்டினார்கள்.

தீர்ப்பு 1968 பிப்ரவரி 19 அன்று. பெப்லர் இந்தியா பக்கம் நின்றார். ரண்ணின் வடபாதி பாகிஸ்தானுடையது என்றே முதலில் கருதியதாக என்டெஸாம் எழுதுகிறார். பிறகு தலைவரின் கருத்துரையைப் படித்துவிட்டு அதையே ஏற்றுக்கொள்கிறார். இல்லையென்றால் மூன்று பேருக்கு மூன்று கருத்து என்று போயிருக்கும். கோட் ரிவ்யூவில்கூட ‘நீ சொல்றது சரி’னு ஒருத்தர் எழுதுவது அபூர்வம், இவரோ தன்னை நியமித்த நாட்டுக்கு எதிராக எழுதினார்.

சுமார் 90 சதவீதம் இந்தியாவுக்கு, 10 சதவீதம் பாகிஸ்தானுக்கு. தாரா பன்னி, சாத் பெட் இரண்டிலும் சிந்து அதிகாரிகள் நெடுநாள் நிர்வாகம் செய்ததையும் கட்ச் அதை எதிர்க்காததையும் லாகர்கிரென் காட்டினார். அது வலுவான காரணம். நகர்பார்க்கருக்குப் பக்கத்து இரண்டு நிலக்குடைவுகளுக்கு மட்டும் அவர் சொன்னது வேறு: பாகிஸ்தான் நிலம் சூழ்ந்த இடத்தை இந்தியாவிடம் விட்டால் உரசல் வரும். ஆவணத்தை விட்டு நியாயத்துக்குத் தாவிய இந்த இடம்தான் எனக்கு உறுத்துகிறது.

இங்கே எதிர்ப்பு பலமாக இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. எல்லைத் தகராறைத் தீர்ப்பது நிலத்தைத் தாரை வார்ப்பது ஆகாது, அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை என்று 1969-இல் தீர்ப்பு வந்தது. எல்லைத் தூண்கள் நட்டார்கள். பக்கத்திலேயே இருக்கும் சர் கிரீக் அந்த நடுவர்களின் முடிவுக்கு விடப்படவில்லை. அங்கே யாருடைய கோடு சரி என்ற தகராறு இரு நாடுகளுக்கும் இடையே இன்னும் தீரவில்லை.