ஏறிய கியரிலேயே இறங்குக



தில்லியில் வாழும் நம்மவர்க்கு மலைப்பாதை என்பது கோடை விடுமுறையில் மட்டும் வாய்க்கும் காட்சி. சிம்லாவுக்கோ முசோரிக்கோ சென்று திரும்பினால் அதை மறந்துவிடுகிறோம். ஆனால், ஊரிலிருந்து நமக்குச் சரக்குக் கொண்டுவந்து சேர்க்கும் லாரிக்காரர் அதை மறக்க இயலாது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தில்லி வழியாகவே செல்கிறது. அதே சாலை தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாயில் மலை இறங்குகிறது. தில்லியிலிருந்து ஈராயிரம் கிலோமீட்டருக்கு மேல் பழுதின்றி ஓடிவந்த நாமக்கல் லாரியோ சங்ககிரி லாரியோ, வீடு கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் அந்த இறக்கத்தில் நிலைகுலைந்து போவதுண்டு. அங்கே நேர்ந்த விபத்துகள் பல.

சில ஆண்டுகளுக்கு முன் சாலைப் பாதுகாப்பைப் பற்றிய ஒரு சிறு துண்டறிக்கை மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்தது. மலை இறங்கும்போது ‘தாழ்ந்த கியரைப்’ பயன்படுத்த வேண்டும் என்று எழுதிவிட்டு, பொருள் விளங்குமா என்ற ஐயத்தால், சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் சந்தித்த சங்ககிரிப் பக்கத்து முதிய ஓட்டுநர் ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். “தாழ்ந்த கியருன்னா யாருக்குங்க புரியும்? ஏறுன கியர்லயே எறங்கோணும்னு எழுதுங்க, போதும்” என்றார். நானும் அவ்வாறே திருத்தினேன். கலைப் பட்டதாரியாகிய எனக்கு யந்திர நுட்பம் அந்நியம். ஆயினும், அவ்வொரு வாக்கியத்தின் வரலாற்றைத் தேடிச் சென்றபோது அது நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னே சென்று, நம் நீலகிரி வழியாகவே திரும்பி வந்தது.

முதலில் அதன் காரணத்தைப் பார்ப்போம். மலையேறும் வண்டி தன் பாரத்தை உயரத்துக்குத் தூக்குகிறது. அதற்காக எரிபொருளைச் செலவிடுகிறது. இறங்கும்போது அந்த ஆற்றல் முழுவதும் வெளிப்பட்டே தீரும். 25 டன் எடையுள்ள ஒரு லாரி 200 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். அப்போது வெளிப்படும் ஆற்றலை வெப்பமாக்கினால், சுமார் 150 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். இத்தனை வெப்பமும் பிரேக்குகளின் உருளைகளில் சென்று சேருமானால், அவை பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கின்றன. எவ்வளவு வலிமையாக மிதித்தாலும் வண்டி நிற்காது. ஆகவே அந்தப் பாரத்தின் பெரும்பங்கை எஞ்சின் தாங்க வேண்டும். பிரேக் அதற்குத் துணை நிற்க வேண்டும். இந்த முறையை மாற்றினால் ஆபத்து.

இவ்வுண்மையை மோட்டார் வண்டிகளுக்கு முன்னரே மலை ரயில்கள் உணர்ந்திருந்தன. மும்பைக்கும் புனாவுக்கும் இடையே போர்க் கணவாயில் 1863இல் ரயில் பாதை திறக்கப்பட்டது. 37 அடி செல்வதற்குள் ஓரடி இறங்கும் சரிவு அது. கட்டுமீறி ஓடிவரும் ரயிலைத் திசைதிருப்பி மேட்டில் ஏற்றி நிறுத்தப் பக்கப் பாதைகளையும் அங்கே அமைத்தனர். பிரேக் தோற்கக்கூடும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

சுவிட்சர்லாந்தில் நிக்லவுஸ் ரிக்கன்பாக் என்னும் பொறியாளர் வேறு வழியில் சிந்தித்தார். தண்டவாளத்தின் நடுவே பற்களை அமைத்து, எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைப் பற்றி ஏறும் ரயில் பாதையை ரிகி மலையில் 1871இல் நிறுவினார். வண்டியை ஏற்றுவதோடு அவர் நின்றுவிடவில்லை. அதை இறக்கும் வழியையும் எண்ணிப் பார்த்தார். இறங்கும்போது நீராவியை அடைத்துவிட்டு, எஞ்சினின் உருளைகளைக் காற்றை இழுத்து அழுத்தும் பம்புகளாக மாற்றினார். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற, எஞ்சின் காற்றை அழுத்த, அவ்வுழைப்பிலேயே வண்டியின் வேகம் அடங்கிற்று. ஏறுவதற்கு உழைத்த யந்திரமே இறங்குவதற்கும் உழைத்தது. இதை ‘எதிரழுத்த பிரேக்’ என்று சொல்லலாம்.

1882இல் இதே ரிக்கன்பாக் நீலகிரிக்கு அழைக்கப்பட்டு, அங்கே ரயில் பாதை அமைப்பது பற்றி ஆய்ந்தார். பல தடைகளுக்கும் ஒரு கம்பெனியின் வீழ்ச்சிக்கும் பின், 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் உதகமண்டலம் வரையும் ரயில் ஓடிற்று. பற்பாதைக்கு ரிக்கன்பாக்கின் வழிவந்த ரோமன் ஆப்ட் வகுத்த முறையே கைக்கொள்ளப்பட்டது. அம்முறையில் இரண்டு பற்சட்டங்கள் இணையாக அமைந்து, ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளிக்கு நேராக நிற்கும். ஆதலால் எஞ்சினின் சக்கரம் எக்கணமும் பிடி நழுவுவதில்லை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி என்னும் சரிவு. ஆசியாவிலேயே இத்தகைய செங்குத்தான ரயில் பாதைகள் அரியவை. 1914 தொட்டு வின்டர்தூர் நகரிலிருந்து வந்த எஞ்சின்கள் அப்பாதையில் உழைத்தன. பிற்காலத்தில் திருச்சிப் பொன்மலைப் பணிமனையும் அவ்வகை எஞ்சின்களைக் கட்டியது. 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அந்த ரயிலில் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். குன்னூருக்குக் கீழே, ஏறினாலும் இறங்கினாலும் எஞ்சின் எப்போதும் பள்ளத்தின் பக்கமே நிற்கும். ஏறும்போது பெட்டிகளைத் தோளால் தள்ளும். இறங்கும்போது முதுகால் தாங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. சரிவு இழுத்துச் செல்லும் திரும்பு பயணத்துக்கும் மூன்றரை மணி நேரம் வேண்டியிருக்கிறது. முதிய ஓட்டுநர் சொன்ன அறிவுரையை நூறாண்டுகளுக்கு மேலாகக் கடைப்பிடித்து வரும் வண்டி அது.

இனி மோட்டார் வண்டிக்கு வருவோம். ருடால்ப் டீசலின் எஞ்சின் 1897இல் வெற்றி கண்டது. சிக்கனத்திலும் இழுவையிலும் சிறந்த அவ்வெஞ்சினுக்கு மலையிறக்கத்தில் ஒரு குறை இருந்தது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்றின் வழி அடைபடும். எஞ்சின் மூச்சுத் திணறி வண்டியை இழுத்துப் பிடிக்கும். பழைய டீசல் எஞ்சினில் அவ்வடைப்பு இல்லை. அது அழுத்திய காற்று வில்லைப்போல் விரிந்து, வாங்கிய ஆற்றலைத் திரும்பக் கொடுத்துவிடும்.

இக்குறையைத் தம் உயிரைப் பணயம் வைத்து அறிந்தவர் அமெரிக்க எஞ்சின் தயாரிப்பாளர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். 1931இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் டீசல் லாரியில் இறங்கியபோது பிரேக்குகள் செயலிழந்தன. கீழே ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் ஒன்று கடந்துகொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி நகர்ந்ததும் லாரி மயிரிழையில் தப்பிற்று. அந்த அச்சம் அவரைப் பல்லாண்டுகள் விடவில்லை. அழுத்திய காற்றை விரியவிடாமல் அக்கணமே வெளியேற்றிவிட்டால் எஞ்சின் வாங்கிய ஆற்றல் திரும்பாது என்பதை அவர் கண்டறிந்தார். அவர் வகுத்த எஞ்சின் பிரேக் 1961இல் விற்பனைக்கு வந்தது. ரிக்கன்பாக்கின் கருத்து, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் டீசல் லாரியில் மறுபிறவி எடுத்தது என்று கொள்ளலாம்.

இதனிடையே வேறொரு மாறுதல் நிகழ்ந்தது. கியர் மாற்றும் வேலையை ஓட்டுநரின் கையிலிருந்து யந்திரமே வாங்கிக்கொண்டது. ஜெர்மானியர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905இல் கப்பல்களுக்காக வகுத்த எண்ணெய் வழி விசை கடத்தும் கருவி ஒரு புறம். அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் வெளிவந்த ஹைட்ரமேட்டிக் கியர்பெட்டி மற்றொரு புறம். இவற்றின் வழித்தோன்றலே இன்றைய தானியங்கிக் கியர். தில்லியின் தாழ்தளப் பஸ்களில் கிளட்ச் இன்றி ஓட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். இப்போது டீசல் பிக்கப் வண்டிகளும் இவ்வமைப்போடு நம் நாட்டில் விற்கப்படுகின்றன. படகையோ குதிரைப் பெட்டியையோ சரக்கு டிரெய்லரையோ பின்னே பூட்டி, அவற்றை மலைக்கும் ஓட்டிச் செல்கின்றனர்.

சமவெளியில் இக்கியர் நல்ல ஊழியன். மலையில் அதற்கு எஜமானன் தேவை. காரணம் யாதெனில், வண்டியின் வேகத்தையும் ஓட்டுநரின் காலையும் கொண்டே அது முடிவு செய்கிறது; வரப்போகும் வளைவு அதற்குத் தெரியாது. ஏற்றத்தில் டிரெய்லரின் பாரத்தால் வேகம் குறைய, கீழ்க் கியருக்கு வரும். சற்றே வேகம் கூடியதும் மேல் கியருக்குப் போகும். மறுகணம் மீண்டும் கீழே வரும். இந்த ஊசலாட்டத்தால் எண்ணெய் சூடேறிக் கியர்பெட்டி நலிகிறது. இறக்கத்திலோ, ஓட்டுநர் காலை எடுத்ததும், இனி உழைப்பில்லை என்று கருதி மேல் கியருக்குச் சென்றுவிடக்கூடும். அப்போது எஞ்சினின் பிடி தளர்கிறது. பின்னாலிருக்கும் டிரெய்லர் வண்டியைத் தள்ளத் தொடங்குகிறது. ஆகவேதான் கியரைக் கையால் குறிக்கும் வசதியும், பாரம் இழுப்பதற்கென்று தனி நிலையும் அவ்வண்டிகளில் வைக்கப்பட்டுள்ளன. ஏற்றத்தில் ஊசலாடாத ஒரு கியரில் நிறுத்துக; இறக்கம் தொடங்கும் முன்பே, வேகம் மிகாதபோதே, கீழ்க் கியருக்கு வருக. வேகம் முற்றியபின் கீழ்க் கியரைக் கேட்டால் எஞ்சினைக் காக்கும் பொருட்டு யந்திரம் மறுத்துவிடலாம். பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துப் பின் விட்டுவிடுக. டிரெய்லருக்குத் தனிப் பிரேக் உண்டெனில், மலையேறும் முன் அதைச் சோதித்துக்கொள்க.

இவ்வளவு அறிவு வளர்ந்த பின்னும், இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளி, சில வேளைகளில் எஞ்சினையே நிறுத்தி, டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணும் பழக்கம் மறையவில்லை. அது பெரும் மயக்கம். இன்றைய டீசல் எஞ்சினில், கியரில் இருந்தபடி காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் அறவே நின்றுவிடும். வண்டியின் ஓட்டமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சினை அணையாமல் வைத்திருக்க டீசல் செலவாகும். எஞ்சினை நிறுத்தினாலோ, பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கருவியும் ஸ்டியரிங்குக்குத் துணைசெய்யும் விசையும் ஒருங்கே நின்றுபோகும். மிச்சம் ஒன்றுமில்லை; இழப்போ உயிர்.

அந்த முதிய ஓட்டுநருக்கு ரிக்கன்பாக்கின் பெயரோ கம்மின்ஸின் பெயரோ தெரிந்திராது. ஆயினும், அவ்விருவரும் கண்ட உண்மையைத் தம் தொழிலில் கற்று, ஒரே வரியில் என் கையில் கொடுத்தார். நம் வீட்டு வாயிலில் சரக்கு இறக்கிவிட்டு ஊர் திரும்பும் ஓட்டுநர் யாரையேனும் சந்தித்தால், ஒரு குவளைத் தேநீரோடு அந்த வரியையும் சொல்லி அனுப்புவோம். தொப்பூரைக் கடந்து அவர் வீடு சேரட்டும்.