இடமாற்றமும் நீதிமன்றமும்: இலங்கை அரசாங்க வைத்தியர் தொடர்பான ஒரு வரலாற்று நோக்கு

அரசாங்க வைத்தியர் ஒருவர் தமது இடமாற்றத்தை எதிர்த்து நீதிமன்றத்தை நாடும்போது, அது தனியொருவரது மனக்குறையாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயின், அத்தகைய வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்னும் வினா, சுதந்திர இலங்கையின் அரசியலமைப்பு மாற்றங்களோடு பின்னிப்பிணைந்ததாகும். அவ்வினாவின் வரலாற்றை அதன் சமூக அடித்தளத்தோடு பொருத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடமாற்றம் ஏன் தண்டனையாகின்றது என்பதே முதலில் விளக்கப்பட வேண்டியது. 1858 இல் சிவில் மருத்துவத் திணைக்களமும், 1870 இல் கொழும்பு மருத்துவக் கல்லூரியும் தோன்றின. 1872 இல் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் கோப்பித் தோட்டத் தொழிலாளரைக் கருத்திற் கொண்டது. எனினும், தொழிலாளரின் நலத்தைவிட அவர்தம் உழைப்புச் சக்தியைப் பேணுவதே அதன் உள்நோக்கம் எனலாம். இவ்வாறு மூலதனத்தின் தேவைக்கேற்ப வளர்ந்த மருத்துவ சேவை, தலைநகருக்கும் உலர்வலயக் கிராமங்களுக்குமிடையே பெரும் ஏற்றத்தாழ்வைக் கொண்டிருந்தது. 1977 இன் பின்னர், கடமை நேரத்துக்குப் புறம்பாகத் தனியார் முறையிற் சிகிச்சையளிக்க அரசாங்க வைத்தியருக்கு இடமளிக்கப்பட்டமை அவ்வேற்றத்தாழ்வுக்கு நேரடியான பணப் பெறுமதியையும் அளித்தது.

இனிச் சட்டத்தின் நிலையை நோக்குவோம். 1947 ஆம் ஆண்டின் சோல்பரி அரசியலமைப்பின்படி, அரசாங்க ஊழியர் முடியின் விருப்பு உள்ளவரை பதவி வகித்தனர். ஊதியம் கோரி அவர்கள் வழக்காடலாம் என்பதைக் கோடீஸ்வரன் வழக்கில் 1969 இல் கோமறைக் கழகம் ஏற்றுக்கொண்டது. அரசும் தன் ஊழியருக்குச் சட்டத்தின் முன் பதிலளிக்க வேண்டும் என்னும் கோட்பாடு அங்கே ஓரளவு வேரூன்றிற்று.

1972 ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு இப்போக்கைத் தடுத்து நிறுத்தியது. நியமனம், இடமாற்றம், பதவி நீக்கம், ஒழுக்கக் கட்டுப்பாடு ஆகியன அமைச்சரவையிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றை ஆராயும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு மறுக்கப்பட்டது. அவ்வரசியலமைப்பை வரைவதில் முன்னின்றவர் லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா என்பது இடதுசாரிகள் மறக்கக்கூடாத உண்மை. நீதித்துறை சொத்துடைமை வர்க்கத்தின் அரண் என்னும் ஐயம் ஆதாரமற்றதன்று. ஆனால் நீதிபதியிடமிருந்து பறிக்கப்பட்ட அதிகாரம் மக்களைச் சென்றடையவில்லை, அமைச்சரையே சென்றடைந்தது.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அந்தப் பூட்டை அகற்றவில்லை. எனினும் அடிப்படை உரிமை வழக்கு என்னும் சிறு சாளரத்தைத் திறந்தது. 12 ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமை மீறப்பட்டதென ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம். ஆயினும் அந்நீதிமன்றம் இருப்பது கொழும்பில். மன்னாரிலோ மொனராகலையிலோ பணிபுரிபவருக்கு அந்த ஒரு மாதம் மிகக் குறுகியது. விருப்புக் கோட்பாடும் சமத்துவ உரிமைக்கு உட்பட்டதே என உயர் நீதிமன்றம் 1994 இல் பண்டார வழக்கில் வலியுறுத்தியது. 2001 இன் 17 ஆவது திருத்தம் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்குச் சுதந்திரம் அளித்ததோடு, நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபைக்கும் வழிவகுத்தது. எனினும் ஆணைக்குழுவின் முடிவுகளைப் பிற நீதிமன்றங்கள் ஆராய்வதற்கான தடை 61அ உறுப்புரையில் தொடர்ந்தது.

இவ்வரலாற்றில் ஓர் அடிப்படை முரண்பாடு துலங்குகின்றது. அரசியற் பழிவாங்கலுக்கு இடமாற்றம் கருவியாகும்போது வைத்தியருக்கு நீதிமன்றப் பாதுகாப்பு இன்றியமையாதது. அதனை முதலாளித்துவ மாயை என ஒதுக்குதல் தவறாகும். ஆனால் சமத்துவ உரிமையை முன்னிறுத்தும் வழக்கு ஓர் ஊழியரை இன்னோர் ஊழியரோடுதான் ஒப்பிடுகின்றது. ஒரு பிரதேசத்தை இன்னொரு பிரதேசத்தோடு ஒப்பிடுவதில்லை. மனுதாரர் வைத்தியர், எதிர்மனுதாரர்கள் அதிகாரிகள். வைத்தியரின்றிக் காத்திருக்கும் நோயாளி அவ்வழக்கில் எத்தரப்பினரும் அல்லர். தடையுத்தரவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவரது கிராமத்து ஆஸ்பத்திரியின் நிலை வழக்கின் பொருளாவதில்லை.

எனவே, நியாயமான இடமாற்ற நடைமுறைக்கான போராட்டமும், பின்தங்கிய பிரதேசங்களின் வைத்தியசாலைகளுக்கும் பாடசாலைகளுக்கும் வீதிகளுக்குமான போராட்டமும் ஒன்றையொன்று தழுவி நிற்க வேண்டும். ஓர் ஊருக்கு அனுப்பப்படுவதே தண்டனையெனில், ஆண்டாண்டு காலமாய் அத்தண்டனையை அனுபவிப்போர் அவ்வூர் மக்களே.