கரை அணையும் கலை

மாபர் என்று பழைய அரபு நூல்கள் குறிக்கும் நம் தமிழகக் கீழைக் கடற்கரையை நோக்கி, 1344-ஆம் ஆண்டையொட்டி, இலங்கையிலிருந்து ஒரு மரக்கலம் வந்து கொண்டிருந்தது. உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா அவர்கள் அதில் இருந்தார்கள். வழியில் காற்று கடுமையாயிற்று. கடலறிந்த தலைவர் ஒருவர் அக்கலத்தில் இல்லை என்பதை அவர்களே தம் பயண நூலில் குறித்திருக்கிறார்கள். பாறையில் மோதிச் சிதற இருந்த கலம் அதினின்று தப்பி, ஆழமற்ற நீரில் வந்து தட்டி நின்றது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். கட்டைகளைப் பிணைத்து மிதவை செய்தனர். உடன் வந்தோரை மிதவையில் அனுப்பிவிட்டு, இப்னு பதூதா அவர்கள் அன்றிரவைக் கலத்தின் பின்புறத்திலேயே கழித்தார்கள். பொழுது புலர்ந்த பின் கரையோர மக்கள் படகில் வந்து அவர்களை மீட்டனர்.

பெருங்கடல்களைக் கடந்த ஒருவருக்குக் கரையை அடுத்த சிறு தொலைவு இத்தனை இடர் தந்தது ஏன்? நடுக்கடலில் கலத்துக்கு இடம் உண்டு. பிழை செய்தவன் அதைத் திருத்திக்கொள்ள நேரமும் உண்டு. கரையருகே இரண்டும் குறுகிவிடுகின்றன. ஆதலின் கடற்கல்வியில் கரை அணைவதே கடினமான பாடம். அந்தப் பாடத்தின் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

பாடம் என்று நாம் சொல்வது அணிக்காக அன்று. 'மாலுமி' என்னும் சொல் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. முஅல்லிம் என்றால் ஆசிரியர். கலத்தை நடத்துபவரை ஆசிரியர் என்றே அரபுக் கடலோடிகள் அழைத்தார்கள். 'சுக்கான்' என்பதும் அரபுச் சொல்லே. 'நங்கூரம்', 'சரங்கு' ஆகியவை பாரசீகத்திலிருந்து வந்தவை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகப்பட்டினத்திலும் வாழ்ந்த மரைக்காயர்களின் முன்னோர் அராபியரோடு கொண்ட கடலுறவை இச்சொற்கள் இன்றும் நினைவூட்டுகின்றன.

அந்த ஆசிரியர்களுள் தலையாயவர் அஹ்மது இப்னு மாஜித் அவர்கள். இன்றைய ராஸ் அல் கைமாவை அடுத்த ஜுல்ஃபார் அவர்களின் ஊர். பாட்டனாரும் தந்தையாரும் செங்கடலில் கலம் செலுத்திய முஅல்லிம்கள். பவளப் பாறைகள் நிறைந்த அக்கடலின் வழிகளைப் பாட்டனார் அறிந்திருந்தார். தந்தையார் அவ்வறிவைத் தம் அனுபவத்தால் சோதித்துப் பெருக்கினார். மகனார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் மீண்டும் மீண்டும் பழகிப் பார்த்து எழுதி வைத்தார். அவ்வாறு எழுதிய நூல்களுள் பெரியது 1490-இல் நிறைவுற்ற 'கிதாபுல் ஃபவாயித்'. விண்மீன்களைப் பற்றியும் பருவக்காற்றுகளைப் பற்றியும் கூறும் அந்நூல், கரை நெருங்குவதைக் காட்டும் அடையாளங்களுக்கும் இடமளிக்கிறது. நீரின் நிறம், பறவைகள், மலைமுடிகள் ஆகிய ஒவ்வொன்றும் முஅல்லிமுக்கு ஓர் எழுத்து.

பாய்க்கலக் காலத்தில் நம் கரையில் பெருங்கலங்கள் நிலத்தை ஒட்டி வந்து நிற்பது அரிது. நம் கீழைக்கரையின் பெரும்பகுதி திறந்த மணற்கரை. அலை ஓயாத, ஆழம் குறைந்த கரை. ஆகவே கலம் தொலைவிலேயே பாயை இறக்கி நங்கூரமிட்டது. தோணிகளே சரக்கையும் மக்களையும் கரைக்குக் கொண்டு வந்தன. சென்னையிலும் அவ்வாறே. ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பெற்ற மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சென்று கப்பல்களிலிருந்து ஆட்களை இறக்கின. ஆணியடித்த விறைத்த படகு உடையும் இடத்தில் தைத்த படகு வளைந்து கொடுத்தது. 1870-களின் நடுவில் அங்குத் துறைமுகப் பணி தொடங்கிற்று. எழும்பி வந்த கல்லணைகளை 1881-ஆம் ஆண்டின் புயல் சிதைத்ததும், அவை மீண்டும் கட்டப்பெற்றதும் வரலாறு.

இதற்கிடையே கலத்தின் உடலிலேயே ஒரு மாறுதல் நேர்ந்துவிட்டது. 1836-இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவர் நீருக்கடியில் சுழலும் விசிறிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் தொழிலால் உழவர். அதே ஆண்டில் எரிக்சன் என்னும் சுவீடன் நாட்டுப் பொறியாளரும் தம் விசிறிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை நீராவிக் கப்பல்களைத் தள்ளியவை பக்கவாட்டுச் சக்கரங்கள். 1845 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை, விசிறி பூண்ட 'ராட்லர்' கப்பலையும் சக்கரம் பூண்ட 'அலெக்டோ' கப்பலையும் பின்னுக்குப் பின் கட்டி இழுக்க விட்டது. ராட்லர் தன் எதிரியை இழுத்துக்கொண்டு சென்றது.

விசிறி வென்றது. ஆனால் வென்ற விசிறி மாலுமிக்குப் புதியதொரு சிக்கலையும் கொண்டு வந்தது. ஒற்றை இயந்திரமுள்ள கலத்துக்கு விசிறியும் ஒன்றே. முன்னோக்கிச் செல்லும்போது விசிறி தள்ளும் நீர் சுக்கானின் மேல் பாய்கிறது; சுக்கான் சொன்னபடி கேட்கிறது. விசிறியைப் பின்னோக்கிச் சுழற்றினால் அந்த நீரோட்டம் சுக்கானை விட்டு முன்பக்கம் போய்விடுகிறது, சுக்கான் செயலற்றதாகிறது. அத்துடன், சுழலும் விசிறி கலத்தின் பின்புறத்தை ஒரு பக்கமாகவும் இழுக்கிறது. வலப்பக்கம் சுழன்று முன் செலுத்தும் விசிறியாயின், பின்னோட்டத்தில் பின்புறம் இடப்பக்கம் சாயும்.

இது விபத்துகளுக்குக் காரணமாயிற்று. எதிரே கலத்தைக் கண்ட தலைவர் விசிறியைப் பின்னோக்கிச் சுழற்றச் சொல்லிச் சுக்கானையும் திருப்புவார். கலமோ அவர் நினைத்த திசையில் திரும்பாது. மான்செஸ்டரில் பேராசிரியராயிருந்த ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1870-களில் இதனை ஆராய்ந்தார். பின்னோக்கிச் சுழலும் விசிறியால் கப்பல் வேகம் தணியும் அந்த இடைவேளையில், சுக்கானின் வழக்கமான பயனை எதிர்பார்த்தல் ஆகாது என்பது அவர் ஆய்வு காட்டிய முடிவு.

இக்குறையுடைய கலத்தைத் துறையில் எப்படி அணைப்பது? பழகிய படகோட்டிகள் குறையையே துணையாக்கிக் கொண்டனர். பின்னோட்டத்தில் பின்புறம் இடப்பக்கம் சாயும் படகென்றால், இடப்பக்கம் துறைமேடையை ஒட்டுமாறு அதனைக் கொண்டு வருவர். முன்தலை மேடையை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்க, படகு மெல்ல நெருங்கும். முன்தலை மேடையை எட்டும் தறுவாயில் விசிறியைச் சிறிது நேரம் பின்னோக்கிச் சுழற்றுவர். வேகம் அடங்கும்; அதே கணத்தில் பின்புறம் தானாகவே மேடைப் பக்கம் ஒதுங்கும்; படகு கரைக்கு இணையாக வந்து நிற்கும். வலப்பக்கம் அணைக்க நேர்ந்தால் அதே இயல்பு பகையாகும். பின்புறம் மேடையை விட்டு விலகும். அப்போது சாய்வைக் குறைத்து, வேகத்தை இன்னும் தணித்து வர வேண்டும். நடுவிலிருந்து ஒரு வடத்தை மேடையில் பின்னோக்கிக் கட்டி, சுக்கானைத் திருப்பி, விசிறியை முன்னோக்கி மெதுவாகச் சுழற்றினால், வடம் படகைப் போகவிடாது பிடிக்க, விசிறி நீர் பின்புறத்தைக் கரைக்குத் தள்ளும்.

தன் படகு எப்பக்கம் சாயும் என்பதை ஏட்டைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. துறையில் கட்டிய நிலையிலேயே விசிறியை மெல்லப் பின்னோக்கிச் சுழற்றிப் பார்த்தால் போதும். எப்பக்கத்தில் நீர் கொந்தளித்து எழுகிறதோ அதற்கு மறுபக்கமே பின்புறம் செல்லும். காற்றையும் நீரோட்டத்தையும் கணித்து, இரண்டில் வலியது எதுவோ அதனை எதிர்த்து வருவது மற்றொரு விதி. எதிரே நீர் ஓடினால், படகு கரையை நோக்க மெதுவாக நகர்ந்தாலும் சுக்கானுக்கு நீர் கிடைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு இயந்திரங்கள் உள்ள கலம் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் சுழற்றி நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். ஒற்றை இயந்திரத்துக்கு அந்த வசதி இல்லை. முன்கூட்டி எண்ணுவதே அதன் இரண்டாவது இயந்திரம்.

இந்தக் கல்வி நம் கடலோரத்துக்கும் வந்தது. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் மீன்பிடித் தொழிலை மேம்படுத்தும் திட்டம் தொடங்கிற்று. இயந்திரப் படகுகள் பரவலாயின. கட்டுமரத்தை அலை மேல் ஏற்றி மணலில் தள்ளிக் கரை சேர்வது நம் கடற்கரை மக்களுக்குத் தலைமுறைப் பழக்கம். விசைப்படகை அப்படி ஏற்ற இயலாது. அடியிலுள்ள விசிறியும் சுக்கானும் மணலில் மோதும். எனவே விசைப்படகுக்குத் துறை வேண்டியதாயிற்று. துறையில் அணைக்கத் தெரிந்த கையும் வேண்டியதாயிற்று. பாயை இறக்கப் பழகிய கைகள் விசையைத் தணிக்கப் பழகின.

இங்கேதான் நம் நெஞ்சை உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆலன் வில்லியர்ஸ் என்னும் ஆஸ்திரேலியக் கடலோடி 1938-39-இல் குவைத்து மரக்கலம் ஒன்றில் பயணம் செய்தார். அராபிய மாலுமிகள் இயந்திரமின்றிக் கலம் நடத்திய முறையைக் கண்ணால் கண்டு 1940-இல் நூலாக்கினார். அடுத்து வந்த ஆண்டுகளில் இயந்திரம் அந்தப் பாய்களை இறக்கிவிட்டது. அவர் எழுதியதால் அந்த வாழ்க்கையின் ஒரு பகுதி நமக்குக் கிடைத்தது. இப்னு மாஜித் அவர்களும் எழுதாதிருந்தால், மூன்று தலைமுறை அறிவு அவர்களோடு கடலில் கரைந்திருக்கும்.

நம் கடலோர ஊர்களின் தண்டல்களும் சுக்கானிகளும் சரங்குகளும் அறிந்தவை எத்தனை! பாயிலிருந்து விசைக்கு மாறிய காலத்தைத் தம் கைகளாலேயே கடந்தவர்கள் அவர்கள். எந்தத் துறையில் எந்த மாதம் நீர் எப்பக்கம் இழுக்கும், எந்தப் பள்ளியின் மினாராவை எந்தத் தென்னந்தோப்போடு சேர்த்துப் பார்த்தால் வழி ஆழமாயிருக்கும் என்பன போன்ற செய்திகள் வாயிலிருந்து செவிக்குச் சென்றவை. கேட்கும் செவி விலகிவிட்டால் அவை நின்றுவிடும். பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போவது இயல்பே. அதனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாட்டனார் அறிந்ததை எழுதி வைப்பதற்குப் பேரன் கடலோடியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் சில மாலைப் பொழுதுகளும் போதும்.

கடலில் செல்லும் கலங்களை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறை பல இடங்களில் நினைவூட்டுகிறது. அந்த அத்தாட்சியைக் கையால் தொட்டு வாழ்ந்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். ஆசிரியர் என்று பெயர் பெற்ற அவர்களிடம் மாணவராய் அமர்ந்து கேட்போம், கேட்டதை எழுதுவோம். அவர்கள் கலங்களைக் கரை சேர்த்தார்கள். அவர்களின் அறிவைக் கரை சேர்ப்பது நம் கடன்.