பௌர்ணமி கிரிவலம்

திருவண்ணாமலையில் அருணாசல மலையை வெறுங்காலுடன் சுற்றிவரும் வழிபாடு கிரிவலம் எனப்படும். பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பஞ்சபூதத் தலங்களில் இது அக்னித் தலம். இங்கே மலையே லிங்கம் என்பதால், மலையைச் சுற்றுவது மூலவரைச் சுற்றுவதற்கு ஒப்பானது. எந்த நாளிலும் வலம் வரலாம். பௌர்ணமி இரவுகளிலும் கார்த்திகைத் தீபத்தன்றும் கூட்டம் இலட்சக்கணக்கில் திரளும்.

வலம் பெரும்பாலும் அண்ணாமலையார் கோயில் இராஜகோபுரத்தின் முன் தொடங்கி அங்கேயே முடியும். மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும். எட்டுத் திசைகளுக்கு எட்டு லிங்கங்கள் வழியில் உள்ளன: இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர லிங்கங்களைக் கடந்து ஈசான்ய லிங்கம் வரை. மலையோரமாகச் சித்தர்கள் நடக்கிறார்கள் என்பது நம்பிக்கை. அவர்களுக்கு வழிவிட்டுச் சாலையின் இடப்பக்கமாகவே நடக்கச் சொல்வார்கள். நிறைமாதக் கர்ப்பிணியைப் போல மெல்ல நடக்க வேண்டும் என்பது இன்னொரு மரபு. அப்படி நடந்தால் நாலைந்து மணி நேரம் ஆகும். இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகிய வாசல்களில் உடலை ஒடுக்கித் தவழ்ந்து வெளியே வருவோர், நோய் தீரும் என்று நம்புகிறார்கள்.

வழக்கம் பழையது, அதற்கு இன்றைய புகழ் சேர்ந்ததில் ரமண மகரிஷிக்குப் பெரும் பங்குண்டு. 1896-இல், பதினாறு வயதில் இங்கே வந்த அவர், 1950-இல் மறையும் வரை ஊரை விட்டு அகலவில்லை. தாமும் பலமுறை மலையைச் சுற்றினார். தேடி வந்தவர்களையும் சுற்றச் சொன்னார். ரமணரைச் சந்தித்த பால் பிரண்டன் எழுதி 1934-இல் வெளிவந்த நூல் வழியாக மேலை நாட்டினரும் மலையை அறிந்தார்கள். ஆனால் பௌர்ணமிதோறும் பெருந்திரள் என்பது கடந்த சில பத்தாண்டுகளில் பெருகியது. சென்னை, பெங்களூரிலிருந்து அலுவலகம் முடித்து இரவுப் பேருந்தில் வருவோரும், ஆந்திரத்திலிருந்து குடும்பமாக வருவோரும் இதில் அடக்கம்.

படிப்பும் வருவாயும் பெருகிய காலத்தில் இந்த நடை ஏன் பெருகியது? வேண்டுதல் என்ற விடை சரியே, ஆனால் போதாது. திருமணம், குழந்தை, வேலை, கடன் என்று வேண்டி வருவோர் பலர். வேண்டியது கிடைத்த பிறகும் மாதந்தோறும் வருவோரை அந்த விடை விளக்காது. கூடி வழிபடும்போது தனி மனிதருக்குத் தம்மினும் பெரியதொரு ஆற்றல் தொட்டது போன்ற எழுச்சி உண்டாகிறது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912-இல் எழுதினார். யாத்திரையில் பதவியும் தகுதியும் சற்றே கழன்று மனிதர்கள் நேருக்கு நேர் ஒப்பாகிறார்கள் என்றார் மானிடவியலாளர் விக்டர் டர்னர். நள்ளிரவில் அக்கம்பக்கம் முகம் தெரியாதவர்களோடு கால் வலிக்க நடப்பவருக்கு இரண்டுமே அனுபவமாகத் தெரிந்தவை.

கிரிவலத்தின் தனிச்சிறப்பு அது கேட்கும் காணிக்கையில் இருக்கிறது. அர்ச்சனைச் சீட்டு, சிறப்புத் தரிசன வரிசை, மந்திர அறிவு எதுவும் தேவையில்லை. இடையில் அர்ச்சகரும் இல்லை. கால் போதும். கோயிலுக்குள் எல்லாச் சாதியினரும் நுழைய உரிமை தந்த சென்னை மாகாணச் சட்டம் 1947-இல்தான் வந்தது. மலையைச் சுற்றும் சாலைக்கோ வாசலே கிடையாது. பக்தி இன்னும் உறுதிப்படாதவரும் நடக்கத் தொடங்கிவிடலாம். நம்பிக்கை முதலில், சடங்கு பிறகு என்பது பொதுவாகச் சொல்லும் வரிசை. இந்தச் சாலையில் கால்தான் முன்னே போகிறது. உட்கார்ந்தே உழைத்து, ஒரு நாளை முழுதாக முடித்த நிறைவு கிடைக்காமல் உறங்கப் போகும் தலைமுறைக்கு, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் பாதை ஆறுதல் தருவதில் வியப்பில்லை.

பெருந்திரளுக்கு விலையும் உண்டு. பௌர்ணமிக்கு மறுநாள் பாதையெங்கும் காகிதத் தட்டுகளும் நெகிழிக் குவளைகளும் கிடக்கும். அவற்றை அள்ளுவோருக்கு அன்றுதான் வேலை மிகுதி.

ஆண்டுக்கு இருமுறை, கார்த்திகைத் தீபத்தை ஒட்டியும் தை மாதத் திருவூடல் விழாவை ஒட்டியும், அண்ணாமலையாரே உற்சவராக எழுந்தருளி இதே பாதையில் மலையை வலம் வருகிறார்.