கழுத்துக் கறுப்பு அழுக்கல்ல

கட்டுக்கரைக்குளத்து நீரில் நெல் விளையும் நானாட்டானிலும், கொழுகொழுவென்ற பிள்ளையைக் கண்டால் சந்தோசப்படுவோம். பட்டினி கண்ட சனம், குறைசொல்ல முடியாது. ஆனால் பருத்த பிள்ளையின் பின்கழுத்தும் கமக்கட்டும் கறுத்துத் தடித்திருந்தால், தேய்த்துக் குளிப்பாட்டிப் பயனில்லை. உடலில் இன்சுலின் சரிவர வேலைசெய்யாதபோது கணையம் அதை மேலதிகமாகச் சுரக்கும். தோல் கறுப்பது பெரும்பாலும் அதனால்தான். கணையம் களைத்துவிட்டால் பள்ளி வயதிலேயே இரண்டாம் வகை நீரிழிவு.

போருக்கும் இதில் பங்குண்டு. 1944-45 நெதர்லாந்துப் பஞ்சத்தில் கருவிலிருந்தவர்களுக்கு, வளர்ந்தபின் இரத்தத்தில் சீனி கட்டுப்படுவது குறைந்திருந்தது; பருத்தவர்களில் இன்னும் மோசம். 2009இல் வன்னியில் பட்டினியோடு கருவிலிருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

மென்பானப் போத்தலில் சிவப்பு அடையாளம் என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. கழுத்துக் கறுப்பைக் கண்டால் அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, இரத்தச் சீனிப் பரிசோதனை கேளுங்கள்.