யாருடைய நேரம்?

பழைய ஆங்கில நெடும்பெட்டி மணிக்கூட்டை மதிப்பிடுவோர் முதலில் முகப்பிலுள்ள பெயரைப் படிப்பர். பின்னர் இயந்திரமும் பெட்டியும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாயிருந்தவையா என்று ஆராய்வர். இயந்திரம் அமர்ந்த பலகையில் பொருந்தாத துளைகள் தென்பட்டால் விலையைக் குறைப்பர். முகப்பிலுள்ள பெயரோ பெரும்பாலும் விற்றவருடையது. பற்சக்கரம் அறுத்தவர், பெட்டி இழைத்த தச்சர் பெயர்கள் அங்கில்லை.

1656இல் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்துக்குக் கொணர்ந்தார். நொடிக்கொரு முறை அசையும் ஊசலுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வேண்டும்; நெடும்பெட்டி அதனாற் பிறந்தது. 1797இல் பிரதமர் பிட் மணிக்கூடுகளுக்கு விதித்த வரி மறுவருடமே நீங்கிற்று. ஆலை முதலாளி உழைப்பாளியின் நேரத்தை விலைக்கு வாங்கத் தொடங்கிய காலம் அது.

லண்டனில் ஜான் ஷெல்டன் செய்த மணிக்கூடொன்று, கிழக்கிந்தியக் கம்பனி 1792இல் நிறுவிய சென்னை வானாய்வுக்கூடத்திற் பணிபுரிந்து, பின்னர் கொடைக்கானல் சேர்ந்தது. வணிகக் கப்பல்களுக்கு வழிகாட்டவே கம்பனி வானத்தை அளந்தது.

கிரான் வயல்களில் வேளாண்மை வெட்டியவரோ நிழல் பார்த்துப் பொழுதறிந்தார். அவர் விளைவித்த நெல்லைப் போடியார் அவணக் கணக்கில் அளந்தார். அவர் குனிந்துநின்ற நாழிகைகளை எவரும் அளக்கவில்லை. பழம்பொருளுக்கு விலை கூறும்போது, அந்த எழுதப்படாத கணக்கையும் நம் மாணவர் கேட்கப் பழகவேண்டும்.