.315 வேட்டைத் துப்பாக்கி: குற்றால மலையடிவாரத்தில் பழையதும் புதியதும்

இந்தியாவில் உரிமம் பெற்றவர்கள் வைத்திருந்த போல்ட் வகை வேட்டைத் துப்பாக்கிகளில் நெடுங்காலம் பேர்பெற்றது .315 ரகம். ஆங்கிலேயர் ஆட்சியில் அது பர்மிங்காம் நகரின் பி.எஸ்.ஏ. முதலிய ஆலைகளிலிருந்து கப்பலேறி வந்தது. விடுதலைக்குப் பின் வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை அதைச் செய்தது. இரண்டையும் அருகருகே வைத்தால் பொறியமைப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதைச் சுற்றியிருந்த சட்டமோ தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. தென்காசி, குற்றாலம், சிவகிரி என நீளும் மலையடிவாரத்தின் துப்பாக்கி வரலாற்றில் இதைத் தெளிவாகக் காணலாம்.

இப்பகுதியில் துப்பாக்கி 18ஆம் நூற்றாண்டிலேயே பழக்கமான ஆயுதம். நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், சிவகிரி பாளையங்களின் படைகள் ஈட்டியோடு திரி வைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகளையும் ஏந்தின. பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்சீமையின் ஆயுதங்களைப் பறித்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருக்க உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு அதில் விலக்கு இருந்தது. அதனால் நல்ல வேட்டைத் துப்பாக்கி என்பது வெள்ளை அதிகாரிகள், ஜமீன்தார்கள், அரசின் நம்பிக்கை பெற்ற செல்வர்கள் ஆகியோர் கையில் மட்டுமே தங்கியது.

போல்ட் வகை வேட்டைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில். ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த பொறியைப் பிரிட்டிஷ் இராணுவம் 1888இல் லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியிலும் 1895இல் லீ-என்ஃபீல்டிலும் கையாண்டது. அதே பொறியில் மெல்லிய குழலும் அரைக்கட்டையும் பூட்டி வேட்டைக்காரர்களுக்கு விற்ற வடிவம் லீ-ஸ்பீடு எனப்பட்டது. பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா ஏறும். குத்தூசியின் வில் முறுகுவது தள்ளும்போதுதான். ஜெர்மானிய மவுசர் 98இல் கைப்பிடியைத் தூக்கும்போதே வில் முறுகிவிடும். லீ பொறியின் பூட்டுப் பற்கள் பின்பக்கம் இருப்பதால் கை வேகமாக ஓடும். ஆனால் மிகுந்த அழுத்தம் தரும் தோட்டாக்களை அது மவுசர் அளவுக்குத் தாங்காது.

.315 என்ற அளவு பிறந்ததற்குச் சட்டமே காரணம். இராணுவம் பயன்படுத்திய .303 தோட்டா வெளியே கசிந்து கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று அரசு அஞ்சியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் தனியார் .303 வைத்திருக்கத் தடை வந்தது. பெருவிலங்கு வேட்டைக்குரிய .450 அளவும் 1907 வாக்கில் தடைபட்டதால், .470 போன்ற புதிய அளவுகளை ஆலைகள் உருவாக்கின. .303க்கு மாற்றாக, ஆஸ்திரிய-ஹங்கேரி இராணுவத்தின் 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவை லீ பொறிக்குப் பொருத்தினார்கள். அதுவே .315. இந்தியப் படையின் ஆயுதக் கிடங்குகளில் அந்தத் தோட்டா கிடையாது என்பதே அதன் முதல் தகுதி.

பழைய பி.எஸ்.ஏ. வடிவம் கைவேலையின் நேர்த்தி கொண்டது. வால்நட் மரக்கட்டையில் பிடிமானத்துக்காகக் கட்டம் கட்டமாகக் கீறியிருப்பார்கள். காப்புத் தாழ் போல்ட்டின் பின்முனையிலேயே இருக்கும். போல்ட்டின் மேல் தூசியும் ஈரமும் புகாமல் தடுக்கும் தகட்டு மூடி ஒன்று உண்டு. ஆனியிலிருந்து ஆவணி வரை சாரல் ஓயாத குற்றாலத்தில் அந்த மூடிக்கு நல்ல வேலை இருந்தது. அதைவிடப் பெரிய எதிரி குழலுக்குள் இருந்தது. அக்காலத் தோட்டாக்களின் வெடிமூட்டியில் இருந்த பொட்டாசியம் குளோரேட், சுட்டபின் உப்பாகக் குழலில் படியும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் துருவேற்றிவிடும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு போகாது. கொதிநீரைக் குழல் வழியே ஊற்றி, துணிச்சுருளால் உலரத் துடைத்து, பிறகே எண்ணெய் இட வேண்டும். இதைச் செய்யாத துப்பாக்கி ஒரே பருவத்தில் குறி தவறத் தொடங்கும்.

1900களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட இஷாப்பூர் தொழிற்சாலை, 1907இல் அறிமுகமான லீ-என்ஃபீல்டு மார்க் 3 வகையை இராணுவத்துக்காகப் பெருமளவில் செய்துவந்தது. விடுதலைக்குப் பின் வந்த .315 அந்த மார்க் 3 பொறியின் வழித்தோன்றல். காப்புத் தாழ் பொறியின் இடப்பக்கத்துக்கு வந்தது. போல்ட் மூடி மறைந்தது. கட்டையில் அலங்காரம் குறைந்தது. பெட்டியில் ஐந்து தோட்டாக்கள். தோட்டா புனே அருகிலுள்ள கட்கி தொழிற்சாலையிலிருந்து வந்தது. கூட்டின் அடியில் அத்தொழிற்சாலையைக் குறிக்கும் கே.எஃப். முத்திரை இருக்கும்.

நேர்த்தியில் பழையது மேல்; பராமரிப்பில் புதியது எளிது. இராணுவத் துப்பாக்கியின் உறவு என்பதால், அந்தப் பொறியை அறிந்த ஆயுதப் பழுதுபார்ப்போருக்கு அது புதிதல்ல. சுடும் திறனில் இரண்டும் சமம். சுமார் 15.8 கிராம் எடையுள்ள மென்முனைக் குண்டு, விநாடிக்கு 600 மீட்டரைச் சற்றுத் தாண்டிய வேகத்தில் செல்லும். நெடுந்தூரத்துக்கு அது போதாது. மரமும் புதரும் மண்டிய மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் மிளாவும் காட்டுப்பன்றியும் கண்ணில் படுவதே குறைந்த தூரத்தில்தான் என்பதால் அங்கு அது போதுமானதே.

எங்கே சுடலாம் என்பதையும் சட்டமே வகுத்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளில் வேட்டையை அனுமதிக்கு உட்படுத்தியது. குற்றாலத்தை ஒட்டிய செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி எல்லையில் இருந்தது. மலை ஒன்றாக இருந்தும் இரண்டு நிர்வாகங்கள் அதை ஆண்டன. சிவகிரி போன்ற ஜமீன்களுக்குச் சொந்தக் காடுகள் இருந்தன. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்த உரிமை முடிந்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆங்கிலேயர் சட்டத்தை அகற்றியது. ஆயினும் இராணுவத் தோட்டா அளவுகள் தனியாருக்கு இல்லை என்ற பழைய கொள்கை தொடர்ந்தது. .315 நிலைத்ததும் அதனால்தான்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்கியது. 1991 திருத்தம் வேட்டை உரிமம் என்ற ஏற்பாட்டையே நீக்கியது. 2015இல் இம்மலைக்காடுகள் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாயின. 2021 அக்டோபர் 1 அன்று இஷாப்பூர் தொழிற்சாலையும் ஆயுதம் செய்யும் அரசு நிறுவனமான ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். கீழ் வந்தது.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி மலையடிவார விவசாயிகளின் தீராத வேதனை. அதைச் சுடுவதற்கும் 2025 ஜனவரியில் தமிழக அரசு வரம்பு வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம். உரிமதாரரின் .315 இன்று பெரும்பாலும் தற்காப்புக்கான ஆயுதமே. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படுவது. வேட்டைக்கென்று பிறந்த துப்பாக்கிக்கு வேட்டை முடிந்துவிட்டது. இம்மலையின் மிளாவும் வரையாடும் பிழைத்திருக்க அந்த முடிவு தேவையாகவே இருந்தது.